ஏலத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டர் எடுப்பவர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

நான் முதன்முதலில் ஏலத்தில் எடுத்த லாட்டில் (மொத்தமாகச் சேர்த்து விடும் தொகுப்பு) 22 கம்ப்யூட்டர்கள். கோடவுனில் நாலு வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். மேல் வரிசையில் நாலு பெட்டியைத் திறந்து பார்த்தேன். ராம், பிராசசர், ஹீட்சிங்க் எல்லாம் கச்சிதமாக இருந்தன. அடியில் இருந்ததை இழுத்துப் பார்க்கச் சோம்பல். வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தால் ஒன்பதில் ராம் இல்லை, மூன்றில் பிராசசரே இல்லை. யாரைப் போய்க் கேட்பது? ‘உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில், புகாருக்கு இடமில்லை’ என்பதுதான் நிபந்தனையின் முதல் வரி. அதற்குக் கீழேதான் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். எந்த லாட்டாக இருந்தாலும் அடி வரிசையிலிருந்துதான் பார்க்கத் தொடங்குவேன்.

வங்கி, ஐ.டி. கம்பெனி, பொதுத்துறை நிறுவனம் போன்ற இடங்களில் வாரண்டி முடிந்து சில வருடங்களில் மொத்தமாக மெஷின்களை மாற்றிவிடுவார்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் எல்லாம் ஆபீசுக்கென்றே செய்தவை. வீட்டுக்கு விற்கும் பெட்டிகளைவிட உழைக்கும், பிரித்து மாட்டவும் எளிது. அதனால்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. ஆனால் ஏல அறிவிப்பு வருவதற்குள் அந்த மெஷின் மூன்று கை மாறியிருக்கும். ஆபீசிலேயே வேறு மெஷினுக்கு ராம் தேவைப்பட்டிருக்கும். பராமரிப்பு ஒப்பந்தக்காரர் ஸ்பேருக்கு எதையாவது கழற்றியிருப்பார். கடைசியாக டேட்டா அழிக்க வந்தவர் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கியிருப்பார். என்ன மீதி இருக்கிறது என்று பார்த்துத்தான் விலை சொல்ல வேண்டும். பட்டியலில் ‘கோர் ஐ5, 8 ஜி.பி.’ என்று போட்டிருப்பது வாங்கிய காலத்துப் பில்லைப் பார்த்து யாரோ தட்டியதாக இருக்கலாம்.

‘ஐ5’ என்பது பாதிப் பெயர்தான்

ஐ5 என்று மட்டும் கேட்டுவிட்டு விலை சொல்பவர்களை இன்னமும் பார்க்கிறேன். எந்தத் தலைமுறை என்பதில்தான் மொத்தப் பணமும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 முறையாக ஓட இன்டெலில் பொதுவாக 8ஆம் தலைமுறை பிராசசர் வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அதனால் 6, 7ஆம் தலைமுறை மெஷின்களை ஆபீஸ்கள் மொத்தமாகத் தள்ளிவிடுகின்றன. ஆப்டிபிளெக்ஸ் 7050 ஏழாம் தலைமுறை, 7060 எட்டாம் தலைமுறை. எலைட்டெஸ்க் 800 ஜி3க்கும் ஜி4க்கும் அதே வித்தியாசம். திங்க்சென்டரில் எம்710, எம்720. வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஐ5-7500இல் நாலு கோர், ஐ5-8500இல் ஆறு.

ஏழாம் தலைமுறை வேண்டாம் என்று சொல்லவில்லை. லினக்ஸ் போட்டு டைப்பிங் சென்டருக்கோ, சின்ன சர்வராகவோ ஓட்டலாம், அருமையாக ஓடும். விலை மட்டும் அதற்கேற்ற மாதிரி இருக்க வேண்டும்.

இதில் இன்னொரு குழி இருக்கிறது. பிராசசர் இல்லாத எட்டாம் தலைமுறை போர்டு சல்லிசாக வரும். ‘கையில் பழைய ஐ5-7500 கிடக்கிறது, சாக்கெட் இரண்டும் எல்.ஜி.ஏ. 1151 தானே’ என்று நினைக்கத் தோன்றும். சிப் உட்காரும், ஆனால் ஓடாது. அதோடு இந்த சாக்கெட்டில் பின்கள் இருப்பது போர்டில்தான். பிராசசரை அவசரமாகப் பிடுங்கியவர் பின்னை வளைத்திருப்பார். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பின்கள், நெல் வயல் மாதிரி வரிசையாகச் சாய்ந்து ஒரே மாதிரி மின்னும். ஒரு இடம் மட்டும் இருண்டு தெரிந்தால் அந்த போர்டை ஸ்கிராப் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

பார்வை நாளன்று

ஏலத்துக்கு முன் சரக்கை நேரில் பார்க்க விடும் இந்த ஒரு நாளில்தான் லாபமும் நட்டமும் முடிவாகிறது. ஏலம் கேட்கிற நாளன்று மவுஸைத் தட்டுவது மட்டும்தான் வேலை. ஆனாலும் பலர் போட்டோவைப் பார்த்தே ஏலம் கேட்டுவிடுகிறார்கள்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: டார்ச், ஸ்க்ரூடிரைவர், பவர் கார்டு, வேலை செய்கிற ஒரு டி.டி.ஆர்.4 ராம், கைக்கு அடக்கமான ஒரு மானிட்டர். கூடவே டிஸ்ப்ளேபோர்ட் கேபிள். பல ஆபீஸ் மெஷின்களில் எச்.டி.எம்.ஐ. இருக்காது. கரண்ட் கொடுக்கச் சம்மதித்தால் டெல் பெட்டிகளில் ஒரு வசதி உண்டு. பல மாடல்களில் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் (மெஷினுக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) பின்பக்கம் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். பவர் கார்டைச் செருகி அதை அழுத்தினால் பச்சை விளக்கு எரிய வேண்டும். எரிந்தால் எஸ்.எம்.பி.எஸ். பிழைத்திருக்கிறது. கடைகளில் விற்கும் சாதா எஸ்.எம்.பி.எஸ். இந்தப் பெட்டிகளுக்குப் பொருந்தாது என்பதால் இந்தச் சோதனைக்கு மதிப்பு அதிகம்.

பெரும்பாலான கோடவுன்களில் கரண்ட் கொடுக்க மாட்டார்கள். அப்போது கண்தான் மீட்டர். மூடியைத் திறந்து எது இல்லை என்று எண்ணுங்கள். ஹார்ட் டிஸ்க் போயிருப்பது எதிர்பார்த்ததுதான். அதோடு டிஸ்க் மாட்டும் பிளாஸ்டிக் கேடி, சாட்டா கேபிள், சின்ன எஸ்.எஸ்.டி. செருகும் எம்.2 ஸ்லாட்டின் குட்டி ஸ்க்ரூ எல்லாம் போயிருக்கும். புதிய ஆப்டிபிளெக்ஸ்களில் டிஸ்க்குக்கான கரண்ட் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வராது, போர்டிலிருந்து ஒரு தனிக் கேபிள் வழியாக வரும். அது இல்லாமல் புது எஸ்.எஸ்.டி.யைக் கையில் வைத்துக்கொண்டு முழித்த அனுபவம் எனக்கு உண்டு. சின்ன சமாச்சாரம்தான். நாற்பது பெட்டிக்கும் தேவைப்படும்போது தெரியும்.

உள்ளங்கை அளவு மைக்ரோ மெஷின்களில் அடாப்டர் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். லாட்டில் முப்பது மெஷின் இருக்கும், அடாப்டர் பதினொன்று இருக்கும். டெல்லுக்குப் போலி அடாப்டர் மாட்டினால் மெஷின் அதை அடையாளம் தெரியாமல் பிராசசர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வாங்கியவர் ‘ரொம்ப ஸ்லோ சார்’ என்று வருவார். நீங்கள் விண்டோஸை மூன்று முறை மாற்றிப் போட்டுப் பார்ப்பீர்கள்.

முடிந்தவரை சர்வீஸ் டேக்கைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லில் ஏழு எழுத்து. கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் போட்டால், மெஷின் எப்போது வெளியே வந்தது, அப்போது உள்ளே என்னென்ன இருந்தன என்று காட்டும். ஏலப் பட்டியலையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் லாட்டின் யோக்கியதை புரிந்துவிடும்.

பூட்டு

பயாஸ் (மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரிந்த பூட்டு. ஆப்டிபிளெக்ஸில் போர்டில் இருக்கும் ஜம்பர் என்ற குட்டிச் செருகியைக் கழற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எல்லா கம்பெனியிலும், எல்லா மாடலிலும் அது அவ்வளவு சுலபமில்லை.

என்னைக் கவிழ்த்தது வேறு. எட்டாம் தலைமுறை மெஷின்கள், நல்ல லாட். நெட் இணைக்காமலே விண்டோஸ் போட்டு, சோதித்து, ஒரு டியூஷன் சென்டருக்குக் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து அங்கே யாரோ ஒரு மெஷினை ரீசெட் செய்திருக்கிறார்கள். வைஃபை இணைந்ததும் பழைய ஆபீசின் பெயரோடு வரவேற்புப் பக்கம் வந்து, அந்த ஆபீசின் ஈமெயிலும் பாஸ்வேர்டும் கேட்டிருக்கிறது. இதற்கு ஆட்டோபைலட் என்று பெயர். மெஷினின் அடையாளத்தை மைக்ரோசாஃப்டிடம் தங்கள் பெயரில் பதிந்து வைத்திருப்பார்கள். டிஸ்க்கை மாற்றினாலும் போகாது. பழைய ஆபீசின் ஐ.டி. ஆட்கள்தான் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். ஏலம் முடிந்து பணமும் கைமாறிய பிறகு அவர்களுக்கு அதில் என்ன அக்கறை? மூன்று வாரம் அலைந்தேன்.

ஆகவே ஏலம் கேட்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: மெஷின்கள் ஆட்டோபைலட்டிலிருந்தும், அப்சல்யூட் போன்ற திருட்டுத் தடுப்புச் சேவையிலிருந்தும் விடுவிக்கப்பட்டனவா? லாட்டை எடுத்தபின், ஒன்றிரண்டிலாவது நெட் இணைத்தபடியே விண்டோஸ் ப்ரோவைப் புதிதாகப் போட்டுப் பாருங்கள். விண்டோஸ் லைசன்ஸைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். கம்பெனியிலேயே விண்டோஸோடு வந்த மெஷினாக இருந்தால் சாவி பயாஸுக்குள்ளேயே இருக்கும், அதே ரகத்தைப் போட்டால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

டிஸ்க்கோடு மெஷின் வந்துவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று நோண்டாமல் அழித்துவிடுங்கள். வேடிக்கை பார்க்கப் போய் வம்பை விலைக்கு வாங்க வேண்டாம்.

ஒர்க்ஸ்டேஷன் ஆசை

எச்.பி. இசட்440, இசட்840, டெல் பிரிசிஷன் 5810. தூக்கிப் பார்த்தாலே மரியாதை வரும். விலையும் புது மெஷினோடு ஒப்பிட்டால் கால் தூசு. ஆனால் இவற்றில் இருக்கும் ஜியான் இ5 பிராசசருக்குள் கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இருந்தால்தான் திரையில் படமே வரும். லாட்டில் முதலில் காணாமல் போவதும் அந்த குவாட்ரோ கார்டுதான். மெஷினுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கக்கூட நீங்கள் ஒரு கார்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

இரண்டு பிராசசர் மெஷின் என்று எழுதியிருக்கும். திறந்தால் ஒன்றுதான் இருக்கும். இரண்டாவது சாக்கெட் காலியாக இருந்தால் அதைச் சேர்ந்த ராம் ஸ்லாட்களும் வேலை செய்யாது. இசட்640இல் இரண்டாவது பிராசசரே ஒரு தனி போர்டில் வரும். அந்த போர்டை யாராவது கழற்றியிருந்தால் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. ‘ராமையாவது கழற்றி விற்றுவிடலாம்’ என்று கணக்குப் போடாதீர்கள். பெரும்பாலும் அது சர்வர்களில் போடும் ரிஜிஸ்டர்டு இ.சி.சி. வகை, சாதாரண டெஸ்க்டாப்பில் ஓடாது. லெனோவோ பி620இன் த்ரெட்ரிப்பர் ப்ரோ சிப் லெனோவோ போர்டோடு பூட்டப்பட்டிருக்கலாம். கழற்றி வேறு கம்பெனி போர்டில் போட்டால் ஏற்காது.

வீடியோ ரெண்டரிங், ஒரே நேரத்தில் பத்து விர்ச்சுவல் மெஷின் ஓட்டுவது என்றால் இவற்றுக்கு ஈடில்லை. டேலி போட, எக்செல் திறக்க என்றால் ஐ5-8500 முந்திக்கொள்ளும், கரண்ட் பில்லும் குறையும். இந்த இ5 தலைமுறைகள் விண்டோஸ் 11இன் ஆதரவுப் பட்டியலிலும் இல்லை.

கணக்கு

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 40 மெஷின், ஏல விலை 3,20,000 ரூபாய். தலைக்கு 8,000. அடடா என்று தோன்றும். இதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., 57,600. வண்டி, ஏற்று இறக்குக் கூலி 10,400 என்று வைப்போம். ஆக 3,88,000. எட்டு மெஷின் தேறவில்லை என்றால் மீதி 32க்குத் தலைக்கு 12,125. இன்னும் எஸ்.எஸ்.டி. போடவில்லை, ராம் நிரப்பவில்லை. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவருக்கு அந்த 57,600 திரும்பவும் வராது. ஏல நிபந்தனையில் டி.சி.எஸ். (விற்பவர் வசூலிக்கும் வருமான வரி), சேவைக் கட்டணம், தாமதமாக எடுத்தால் நாளுக்கு இவ்வளவு வாடகை என்று வேறு சில வரிகளும் இருக்கும். படித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

ஆன்லைன் ஏலத்தில் கடைசி நிமிடத்தில் ஒருவர் விலை ஏற்றினால் பொதுவாக நேரமும் நீளும். அங்கேதான் வீம்பு வேலை செய்யும். விழுப்புரம் பக்கம் பங்குனி உத்திரத்துக்கு முருகன் கோயில் எலுமிச்சம்பழம் ஒன்றே ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏலம் போகிறது. அது நம்பிக்கை, கணக்குப் பார்க்கக்கூடாது. எதிராளியை ஜெயிக்க ஆப்டிபிளெக்ஸை அப்படிக் கேட்பது என்ன நம்பிக்கை? உச்ச விலையைத் தாளில் எழுதி கீபோர்டு பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுங்கள்.

அரசு, பொதுத்துறைச் சரக்கு நிறைய எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனத்தின் ஆன்லைன் ஏலத் தளத்தில் வரும். அதில் ‘ஒப்புதலுக்கு உட்பட்டது’ என்று சில லாட்கள் இருக்கும். அதிக விலை கேட்டவர் நீங்களேதான் என்றாலும், விற்பவர் சரி என்று சொல்லும்வரை சரக்கு உங்களுடையது இல்லை. அதை நம்பி அட்வான்ஸ் வாங்கிவிடாதீர்கள். அதைவிட முக்கியம், லாட் ‘இ-வேஸ்ட்’ என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்பது. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி மறுசுழற்சி செய்பவரும் சரி, புதுப்பித்து விற்பவரும் சரி, பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு கேட்கும் லாட்டை, அது இல்லாமல் ஜெயித்தால் கட்டிய முன்பணம் கைவிட்டுப் போகலாம்.

சரக்கு எடுக்கப் போகும் நாளில் ஆளோடு போங்கள். பார்வை நாளில் எடுத்த படங்களை வைத்து ஒவ்வொரு பெட்டியையும் சரிபார்த்து, எண்ணி, குறைந்தால் அங்கேயே எழுதி வாங்குங்கள். கேட் பாஸ் கிழித்து வண்டி செக்யூரிட்டியைத் தாண்டிவிட்டால் எதுவும் செல்லாது. நல்லதை மட்டும் ஏற்றிக்கொண்டு வரவும் விட மாட்டார்கள். லாட்டில் சேர்த்திருக்கும் உடைந்த மானிட்டர், செத்த யு.பி.எஸ்., வீங்கிய பேட்டரி எல்லாவற்றையும் நீங்கள்தான் காலி செய்ய வேண்டும். வண்டி பேசும்போது அதற்கும் இடம் பார்த்துப் பேசுங்கள்.