சர்ஜிக்கல் மாஸ்க்குக்கு ஒரு முடிச்சு

நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க்கை மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் சேரும்படி நீளவாக்கில் மடியுங்கள். இரு பக்கமும் காதில் மாட்டும் நாடாவில், துணியை ஒட்டினாற்போல் ஒரு முடிச்சுப் போடுங்கள். பிறகு விரித்து, முடிச்சருகே வாய் பிளந்து நிற்கும் ஓரத்தை உள்பக்கமாகத் தட்டையாக மடித்துவிட்டு மாட்டுங்கள். மூக்குக் கம்பியை இரண்டு கையாலும் அழுத்திவிட மறக்காதீர்கள்.

மாஸ்க்கின் நடு அடுக்கில் நிலைமின்னூட்டம் இருப்பதால் நுண்ணிய துகளையும் அது பிடித்துக்கொள்ளும். ஆனால் மூச்சை இழுக்கும்போது காற்று எளிய வழியைத்தான் தேடும். கன்னத்தோரம் இடைவெளி இருந்தால் வடிகட்டாமலே உள்ளே வந்துவிடும். அந்த இடைவெளியை அடைக்கத்தான் இந்த முடிச்சு. அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையமான சிடிசி 2021-இல் பொம்மைத் தலைகளை வைத்துச் சோதித்தபோது, எதிரில் இருமும் பொம்மை மாஸ்க் போடாமல் இருந்தும், இப்படி முடிச்சிட்ட மாஸ்க் அணிந்த பொம்மைக்குப் போய்ச் சேர்ந்த துகள்கள், இரண்டுமே மாஸ்க் போடாதபோது இருந்ததைவிடச் சுமார் 64 சதவீதம் குறைந்தன. காசு செலவில்லாத வேலைக்கு இது பெரிய லாபம்தான்.

கண்ணாடி போடுபவர்களுக்குச் சரிபார்ப்பது சுலபம்: கண்ணாடியில் ஆவி படிந்தால் மூக்குப் பக்கம் இன்னும் கசிகிறது.

முகம் பெரிதாக இருந்து, முடிச்சிட்டதும் தாடை வெளியே தெரிந்தால் இது வேண்டாம். அடர்ந்த தாடி இருந்தாலும் பெரிய பலன் இராது. முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் என்95 மாஸ்க்கில் முடிச்சே போடக்கூடாது, அதன் பொருத்தம் கெட்டுவிடும். காசநோய், தட்டம்மை நோயாளியைப் பக்கத்தில் இருந்து கவனிப்பவர்களுக்கு அந்த என்95தான் சரி. துவைத்த சர்ஜிக்கல் மாஸ்க்கில் மின்னூட்டம் குறைந்துவிடும், அதில் எத்தனை முடிச்சு போட்டும் புண்ணியமில்லை.