வீட்டுப் பயிற்சிக்கு சைக்கிள் ரோலர் வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ரோலர் என்பது சைக்கிளை மேலே வைத்து, நின்ற இடத்திலேயே ஓட்டும் சாதனம். அதில் மூன்று உருளைகள் இருக்கும்: பின்சக்கரத்துக்கு இரண்டு, முன்சக்கரத்துக்கு ஒன்று. பின் உருளையின் சுழற்சியை ஒரு பெல்ட் முன்னுருளைக்குக் கொண்டுபோகும். சைக்கிளை எதுவும் பிடித்துக்கொள்ளாது. அதனால்தான் இதில் பழகுபவர்களுக்கு மிதி சீராகிறது, உடல் ஆட்டம் அடங்குகிறது. எழுந்து நின்று முழு பலத்தில் ஸ்பிரிண்ட் அடிப்பதுதான் நோக்கமென்றால் ரோலரை விட்டுவிட்டு, சைக்கிளைப் பூட்டி ஓட்டும் டிரெய்னரை வாங்குங்கள்.

முதலில் உருளையின் விட்டம். கடைகளில் 2.25 அங்குலத்திலிருந்து 4.5 அங்குலம் வரை கிடைக்கும். உருளை சிறுத்தால் டயர் அதிகமாக நசுங்கும். நசுங்கி மீள்வதில் சக்தி போவதால் மிதி கனக்கும். 4.5 அங்குலத்தில் மிதி லேசு, ஆனால் கால் பலம் உள்ளவருக்குக் கடைசி கியரிலும் அந்தக் கனம் போதாது. புதிதாகத் தொடங்குபவருக்கு 3 முதல் 3.5 அங்குலம் பொருந்தும். பெரிய உருளைதான் வேண்டுமென்றால் காந்த எதிர்ப்பு (காந்தத்தால் மிதியைக் கனக்கச் செய்யும் அமைப்பு) உள்ளதாக எடுங்கள்.

உருளையின் ஓரங்கள் நடுவைவிடச் சற்றுத் தடித்திருந்தால், விலகும் சக்கரம் நடுவுக்கே திரும்பும். பழகும் காலத்தில் இது பெரிய உதவி. அலுமினிய உருளை நீடித்து உழைக்கும். பிளாஸ்டிக் மலிவு, ஆனால் வட்டம் பிசகியிருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வோர் உருளையையும் கையால் சுழற்றி ஓரத்தை உற்றுப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் வேண்டாம். அந்த ஆட்டம் வேகம் கூடக் கூட அதிர்வாகி உட்கார முடியாமல் செய்யும். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங்கில் கோளாறு.

வாங்கப் போகுமுன் உங்கள் சைக்கிளின் இரு அச்சுகளுக்கும் இடையிலான தூரத்தை அளந்துகொள்ளுங்கள். ரோடு சைக்கிளில் அது பெரும்பாலும் 1 மீட்டரை ஒட்டி இருக்கும், மலைச் சைக்கிளில் அதைவிட நீளம். எல்லா ரோலரும் அவ்வளவு நீளாது. முன்னுருளையின் அச்சு, முன்சக்கர அச்சுக்கு நேர் கீழே அல்லது ஓரிரு சென்டிமீட்டர் முன்னால் இருக்கவேண்டும். உருளை அதற்குப் பின்னால் இருந்தால் சக்கரம் உருளையைத் தாண்டி முன்னே இறங்கப் பார்க்கும். மேடு மேடாகக் கட்டை வைத்த டயர் இரையும், அதிரும். வழவழப்பான டயரைப் போட்டு, அதன் பக்கவாட்டில் எழுதியுள்ள அளவுக்குள் நன்றாகக் காற்றடியுங்கள்.

முதல் சில நாள் கதவு நிலைக்குள் ரோலரை வையுங்கள். இருபுறமும் கையூன்ற இடம் இருக்கும். ஷூவைப் பிடித்துக்கொள்ளும் பூட்டுப் பெடல் இப்போது வேண்டாம். நடுத்தர கியரில் நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று மிதியுங்கள். மெதுவாக மிதிப்பவர்தான் அதிகம் விழுவார், ஏனெனில் சக்கரம் மெல்லச் சுழன்றால் சமநிலை கெடும். பார்வை முன்சக்கரத்தில் அல்ல, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் கையின் ஒவ்வொரு அசைவும் சக்கரத்துக்குப் போய்விடும். சரிந்து தரையில் இறங்கினாலும் சைக்கிள் பாய்ந்து ஓடாது, அதில் முன்னோக்கிய வேகமே இல்லை. பக்கவாட்டில் விழுவதைத்தான் தவிர்க்க வேண்டும்.

பெல்ட் தளர்ந்து நழுவினால் முன்சக்கரம் நின்றுவிடும், நின்ற சக்கரத்தைத் திருப்பி சமநிலை பிடிக்க முடியாது. ஏறுமுன் பெல்ட்டை ஒருமுறை விரலால் இழுத்துப் பாருங்கள். எதிர்க்காற்று இல்லாததால் வியர்வை கொட்டும்: முகத்துக்கு நேரே மின்விசிறி, ஹேண்டில்பார் மேல் ஒரு துண்டு.