ஐபிஎஃப்எஸ் போட்டாயிற்று, அயல் கணினிகளைக் காணவில்லையா?

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடித்துக் கொடுப்பார்கள். வம்சாவளி, படித்த பள்ளிக்கூடம், பிள்ளைகள் எந்தெந்த நாட்டில் என்று ஒரு குடும்பத்தின் வரலாறே அந்தச் சின்னப் புத்தகத்தில் இருக்கும். அம்மம்மாவின் தகரப் பெட்டியில் கிடந்த 140 கல்வெட்டுகளை ஸ்கேன் செய்து முடித்தபோது, எல்லாவற்றையும் ஒரே ஹார்டு டிஸ்க்கில் விட்டுவைக்க மனம் வரவில்லை. 1981இல் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களையும் ஏடுகளையும் இழந்த ஊர் யாழ்ப்பாணம். கொக்குவிலில் என்னிடம் ஒரு பிரதி, வெள்ளவத்தையில் தம்பியிடம் ஒன்று, ரொறன்ரோவில் சித்தப்பாவிடம் ஒன்று இருக்கட்டும் என்று ஐபிஎஃப்எஸ் (நடுவில் ஒரு சேர்வர் இல்லாமல் பல கணினிகள் தமக்குள் நேராகக் கோப்புகளைப் பகிரும் மென்பொருள்) போட்டேன். மூன்று கணினிகளும் ஒன்றையொன்று கண்டுபிடிக்க நான்கு நாள் ஆனது. உங்களுக்கு அது ஒரு மாலை வேலையாக முடிய வேண்டும்.

புதியவர்கள் ஐபிஎஃப்எஸ் டெஸ்க்டாப்பையே எடுங்கள். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கும் குபோவும் உள்ளே இதே இயந்திரம்தான். ஆனால் எத்தனை பேர் இணைந்திருக்கிறார்கள் என்று கண்ணால் பார்ப்பது முதல் நாளில் பெரிய உதவி. பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், திரையில் அவை ஆங்கிலத்தில் இருக்கும். 'பியர்ஸ்' என்று அங்கே வருவதை மட்டும் அயல் கணினிகள் என்று சொல்லப்போகிறேன்.

முதலில்: வலைக்குள் வந்துவிட்டீர்களா?

புதுக் கணினிக்கு யாரையும் தெரியாது. வெளியூரிலிருந்து வருபவர் சந்திக் கடையில் "இன்னாருடைய வீடு எந்த ஒழுங்கை?" என்று கேட்பார் அல்லவா, அதுபோல செட்டிங்ஸ் கோப்பின் 'பூட்ஸ்ட்ராப்' பகுதியில் உள்ள சில முகவரிகளிடம் அது போய்க் கேட்கும். அவர்கள் வேறு சிலரைக் காட்டுவார்கள், அவர்கள் இன்னும் சிலரை. யார் எங்கே இருக்கிறார்கள் என்ற விவரம் டிஹெச்டி என்ற முகவரிப் புத்தகத்தில் இருக்கிறது. அதன் பக்கங்களை உலகெங்கும் உள்ள கணினிகள் பிரித்து வைத்திருக்கின்றன. 2002இல் வந்த கடெம்லியா என்ற முறைதான் அதற்கு அடிப்படை.

பியர்ஸ் பக்கத்தைத் திறந்து சில நிமிடம் பொறுங்கள். எண்ணிக்கை ஏறினால் இந்தப் படி முடிந்தது. பூச்சியத்திலேயே நின்றால் பூட்ஸ்ட்ராப் பட்டியல் வெறுமையா, ஃபயர்வால் மறிக்கிறதா என்று பாருங்கள்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். நூறு அயல் கணினிகள் தெரிந்தாலும் அதில் உங்கள் தம்பி இல்லாமல் இருக்கலாம். வலைக்குள் வருவது ஒரு வேலை, நமக்கு வேண்டியவரைக் கண்டுபிடிப்பது வேறொரு வேலை.

ஒரே வீட்டில் இரண்டு கணினி

கனடாவில் உள்ள கணினியைத் தேடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். ஒரே வைஃபையில் உள்ள இரண்டு கணினிகள் எம்டிஎன்எஸ் என்ற முறையில் தாமாகவே கண்டுகொள்ள வேண்டும். வீட்டுக்குள் "யார் இருக்கிறீர்கள்?" என்று ஒரு குரல் கொடுப்பதுதான் அது.

என் வீட்டில் அந்தக் குரல் கேட்கவேயில்லை. இரண்டு நாள் இதிலேயே போனது. றவுட்டரை மாற்றினேன், வயர் போட்டுப் பார்த்தேன், திரும்ப நிறுவினேன். காரணம் நானே போட்ட ஒரு கட்டளை. வாடகைச் சேர்வருக்கு எழுதப்பட்ட குறிப்பு ஒன்றைப் பார்த்து இரண்டு கணினியிலும் 'சேர்வர்' புரொஃபைலை, அதாவது பல செட்டிங்ஸை ஒருசேர மாற்றும் தொகுப்பை, போட்டிருந்தேன். தரவு மையங்களில் உள்வலையைத் துழாவினால் தாக்குதல் என்று நினைப்பார்கள் என்பதால், அந்தப் புரொஃபைல் எம்டிஎன்எஸ்ஸை நிறுத்திவிடும். 192.168 போன்ற வீட்டு முகவரிகளோடு பேசுவதையும் தடுத்துவிடும். நிறுவியதை அழித்தாலும் பழைய செட்டிங்ஸ் கோப்பு அப்படியே கிடக்கும், அதனால்தான் திரும்ப நிறுவியும் பயனில்லை.

நீங்களும் இப்படிச் செய்திருந்தால் செட்டிங்ஸ் கோப்பில் மூன்று இடம் பாருங்கள். 'டிஸ்கவரி'க்குக் கீழே எம்டிஎன்எஸ் 'ட்ரூ' என்று இருக்க வேண்டும். 'ஸ்வார்ம்' பகுதியில் 'அட்ர்ஃபில்டர்ஸ்' பட்டியல் வெறுமையாக இருக்க வேண்டும். 'அட்ரஸஸ்' பகுதியில் 'நோஅனவுன்ஸ்' பட்டியலும் அப்படியே. நான் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு இன்னும் அரை நாள் தேடினேன். மூன்றையும் மாற்றிச் சேமித்து, திரும்ப இயக்கியதும் இரண்டும் உடனே கண்டுகொண்டன.

வீட்டுக்கு வெளியே

வெளியிலிருந்து ஒருவர் உங்களிடம் வர 4001ஆம் போர்ட் என்ற வாசல் திறந்திருக்க வேண்டும், டிசிபி, யூடிபி என்ற இரண்டு வகைப் போக்குவரத்துக்கும். றவுட்டரில் யூபிஎன்பி (மென்பொருள் கேட்டால் போர்ட்டைத் திறந்துவிடும் வசதி) இருந்தால் பெரும்பாலும் தானாகவே திறக்கும், இல்லையென்றால் கையால் திறக்க வேண்டும். 5001ஐ மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். உங்கள் ஐபிஎஃப்எஸ்ஸை ஆட்டிவைக்கும் வாசல் அது, இயல்பில் அதற்குக் கடவுச்சொல்லும் கிடையாது.

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் 4ஜி றவுட்டர்தான். றவுட்டர் பக்கத்தில் உங்களுக்குக் கிடைத்த முகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்குகிறதா என்று பாருங்கள். அப்படியானால் பல வீடுகளுக்கு வெளியே ஒரே பொது முகவரிதான். உங்கள் படலையைத் திறந்து வைத்தாலும் ஒழுங்கை முகப்பில் உள்ள கதவு உங்களுடையதல்ல. போர்ட் திறப்பதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

அதற்காக மனம் தளரவும் வேண்டாம். இரண்டு பேரில் ஒருவருடைய வாசல் திறந்திருந்தால் போதும், மற்றவர் அங்கே போய்ச் சேரலாம். சித்தப்பாவின் றவுட்டரில் 4001ஐத் திறந்தோம், நானும் தம்பியும் அவரிடம் போகிறோம். இருவரும் அடைபட்டிருந்தால் இடையில் ஒரு ரிலே கணினி அறிமுகப்படுத்தி வைக்கும். பல நேரம் நேர்த்தொடர்பும் கிடைத்துவிடும், ஆனால் எல்லா றவுட்டரிலும் அது நடக்காது.

முகவரியைக் கையில் கொடுங்கள்

சித்தப்பாவின் கணினியில் ஸ்டேட்டஸ் பக்கத்தில் பியர் ஐடி, அதாவது அந்தக் கணினியின் அடையாளப் பெயர், இருக்கும். புதிய நிறுவல்களில் அது 12டி3 என்று தொடங்கும் நீண்ட எழுத்து வரிசை. அங்கேயே 'அட்வான்ஸ்ட்' என்பதை விரித்தால் முழு முகவரிகள் வரும். அவற்றில் வெளி எண் (இணையத்தில் தெரியும் பொது முகவரி) உள்ளதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஃபோனில் வாசித்துக் காட்டச் சொல்லாதீர்கள், ஓரெழுத்து பிசகினாலும் வேலை செய்யாது.

பியர்ஸ் பக்கத்தில் அதை ஒட்டினால் இணையும், ஆனால் அந்த இணைப்பு நிலைக்கும் என்று நம்ப முடியாது. செட்டிங்ஸ் கோப்பின் 'பியரிங்' பகுதியிலும் அந்த ஐடியையும் முகவரியையும் எழுதுங்கள். பிறகு இணைப்பு அறுந்தாலும் கணினி தானே திரும்பத் திரும்ப முயலும். எனக்கு எல்லாவற்றையும் விட இதுதான் கைகொடுத்தது.

இணைந்துவிட்டால் பிரதி வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அந்தப் பக்கம் கோப்பைப் 'பின்' செய்ய வேண்டும், அதாவது நிலையாக வைத்திரு என்று குறிக்க வேண்டும், இல்லையென்றால் இடம் துப்புரவு செய்யும்போது அழிந்துவிடும். இன்னொன்று: கோப்பின் அடையாள எண் தெரிந்த எவரும் அதை எடுக்கலாம். கல்வெட்டுகளில் உயிரோடு இருப்பவர்களின் விவரமும் உண்டு. அதனால் நான் பூட்டுப் போட்ட ஸிப் கோப்பாகவே ஏற்றினேன்.

பின்சேர்க்கை: ஒரே வைஃபையில் இருந்தும் கணினிகள் கண்டுகொள்ளவில்லை என்று சாவகச்சேரியிலிருந்து ஒரு வாசகர் எழுதினார். அவர் ஒரு கணினியை விருந்தினர் வைஃபையில் போட்டிருக்கிறார். அதில் இணைந்த கருவிகள் மற்றவற்றோடு பேசாதபடி றவுட்டர் பிரித்து வைக்கும். அதையும் முதன்மை வைஃபைக்கு மாற்றியதும் சரியானது.

மேலும் ஒன்று: இரண்டாவது கணினியில் திரும்பத் தரவிறக்கச் சோம்பல்பட்டு, ஐபிஎஃப்எஸ் கோப்புறையை அப்படியே பென் டிரைவில் கொண்டுபோனவர்கள் இருவர். அப்படிச் செய்தால் பியர் ஐடியும் கூடவே போய்விடும். இரண்டும் ஒரே பெயரில் இருப்பதால், மற்றதைத் தேடும் கணினி தன்னையே தேடுவதாக நினைத்து நிறுத்திவிடும். இரண்டாவது கணினியில் அந்தக் கோப்புறையை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள், கல்வெட்டுகளை அங்கே 'பின்' செய்தால் முதல் கணினியிலிருந்து அது இழுத்துக்கொள்ளும்.