காய்ச்சல்காரரின் உள்ளங்காலைத் துடைத்துப் பாருங்கள்

கண்டிக்குத் தெற்கே ஒரு தோட்டத்து டிஸ்பென்சரியில் 26 வருடம் மருந்து கொடுத்தவன் நான். மலையில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குவை நினைப்போம், அடுத்து எலிக்காய்ச்சலை. இரண்டும் இல்லை என்றதும் "வைரஸ்தான்" என்று பனடோலைப் போட்டுப் படுத்துவிடுகிறோம். உண்ணி கடித்து வரும் உண்ணிக்காய்ச்சல் நம் கண்ணுக்குத் தப்பிப்போவது அங்கேதான். வீட்டில் இருப்பவர்கள் அதை எப்படிக் கவனிப்பது, வைத்தியரிடம் எப்படிச் சொல்வது என்று எழுதுகிறேன்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது கொழுந்தெடுக்கும் ஒரு அக்கா. ஏழு நாள் காய்ச்சல். முட்டியும் கணுக்காலும் வீங்கி, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்கு நடக்க முடியவில்லை. தொண்டையைப் பார்த்தேன், நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தேன், அமொக்சிசிலின் என்ற கிருமிகொல்லி கொடுத்தேன். மூன்று நாள் கழித்து மகள் ஓடி வந்தாள். "ஐயா, காய்ச்சல் விடல. அம்மாவுக்கு இப்ப காதும் சரியா கேக்குதில்ல." காய்ச்சலுக்கும் காதுக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே ஒரு இளம் வைத்தியர் ஈரப்பஞ்சால் அவருடைய உள்ளங்காலைத் துடைத்திருக்கிறார். மண்ணும் கறையும் போனதும் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. உள்ளங்கையிலும் இருந்தன. உண்ணிக்காய்ச்சல் என்று டொக்சிசைக்ளின் என்ற வேறொரு கிருமிகொல்லியைத் தொடங்கி இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. அந்தக் கால்களை நானும் பார்த்தேன், ஆனால் வீக்கத்தை மட்டும்தான் பார்த்தேன். இன்றைக்கும் அது மனதை உறுத்துகிறது.

இந்த உண்ணிக்காய்ச்சலைத் தரும் கிருமிக்கு ரிக்கெட்சியா என்று பெயர். சிறிய இரத்தக் குழாய்களின் உட்சுவரில், உயிரணுவுக்கு உள்ளேயே போய் வாழ்வது. குழாய் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் கோளாறு காட்டும்: தோலில் புள்ளி, மூட்டில் வீக்கம், சிலருக்குக் காது மந்தம், கடுமையானால் பெரணி இலை விரித்த மாதிரி தோல் கருத்துப்போவது. நம் பக்கத்து நோயாளிகளிடம் இவற்றையெல்லாம் பேராதனை மருத்துவ பீடத்தார் கண்டு எழுதியிருக்கிறார்கள். அமொக்சிசிலின், செபலெக்சின் எல்லாம் இதற்கு எடுபடாது.

சரி, பார்ப்பது எப்படி? பகல் வெளிச்சத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, பெண்ணானால் பெண்ணே பாருங்கள். முதலில் கையையும் காலையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். புள்ளி பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கி மூன்று முதல் ஐந்து நாளில்தான் வரும். முதல் நாள் இல்லையென்று விட்டுவிடாமல் தினமும் பாருங்கள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, அதனால் உள்ளங்கை, உள்ளங்கால், புஜத்தின் உட்பக்கம் முக்கியம்.

அப்புறம் ஒரு காயத்தைத் தேடுங்கள். சிகரெட்டால் சுட்டது போல நடுவில் கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. வலியே இருக்காது, அதனால் நோயாளியே அறிந்திருக்க மாட்டார். காதுக்குப் பின்னால், அக்குள், மார்புக்குக் கீழே, தொடையிடுக்கு, படங்குச் சாக்கு கட்டும் இடுப்பு, எல்லாம் பாருங்கள். தெள்ளு மாதிரிச் சின்னப் பூச்சிக் குஞ்சு கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற, இதே வகையைச் சேர்ந்த இன்னொரு காய்ச்சலில் இது அதிகம். அது தாழ்நாட்டில் கூடுதல், ஆனால் அங்கே கூலி வேலைக்குப் போய்த் திரும்பும் பையன்கள் நம் லயங்களில் எத்தனை பேர்! மலையில் உண்ணியால் வரும் புள்ளிக்காய்ச்சலில் இந்தக் காயம் பலருக்கு இருக்காது. காயம் இல்லாததால் நோய் இல்லை என்று ஆகாது.

வைத்தியரிடம் சொல்வதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஓபிடி வரிசையில் கிடைப்பது இரண்டு நிமிடம். காய்ச்சல் தொடங்கிய தேதி, புள்ளி வந்த தேதி, குடித்த மருந்துகளின் பெயர். பிறகு கடந்த மூன்று வாரத்தில் எங்கே போனார் என்பது. மானாப்புல் வெட்டினாரா, விறகுக்குக் காட்டுக்குப் போனாரா, மாட்டுப்பட்டியில் வேலையா, வீட்டு நாய்க்கு உண்ணி இருக்கிறதா? கடித்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும் என்பதால் "நேற்று எங்கேயும் போகவில்லை" என்ற பதில் உதவாது. எழுதியதைக் கொடுத்துவிட்டு உள்ளங்காலைக் காட்டுங்கள்.

இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்திருந்தால் டெங்கு என்றே எல்லோரும் பயப்படுவார்கள். இந்தக் காய்ச்சலிலும் அவை குறையலாம். இதற்கென்று உள்ள எதிர்ப்பொருள் பரிசோதனை முதல் வாரத்தில் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. அதனால்தான் விஷயம் தெரிந்த வைத்தியர்கள் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குகிறார்கள். மூச்சு வாங்கினால், பேச்சுத் தடுமாறினால், சிறுநீர் குறைந்தால் தாளெல்லாம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், உடனே வண்டி பிடியுங்கள்.

உடம்பில் உண்ணி கடித்துத் தொங்கினால் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தீக்குச்சியால் சுடுவதும் வேண்டாம். அட்டைக்கு உப்பு வைப்பது போல இதற்குச் செய்ய முடியாது. மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்து எடுங்கள். பிறகு சவர்க்காரத்தால் கழுவி, அந்தத் தேதியைக் கலண்டரில் குறித்துவையுங்கள்.

டொக்சிசைக்ளினை நீங்களாகக் கடையில் வாங்கிக் குடிக்க வேண்டாம். கர்ப்பிணி என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வேறு மருந்து உண்டு. வைத்தியர் எழுதிக் கொடுத்தால் ஒரு கப் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள், இல்லாவிட்டால் தொண்டைக்குழாய் புண்ணாகும். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் இதையும் ஒன்றாகக் குடித்தால் மருந்து உடம்பில் சேராது. நம் பெண்களில் பலர் அந்த மாத்திரை குடிப்பவர்கள், ஆகவே இரண்டுக்கும் எத்தனை மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்று மருந்து கொடுக்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.