புத்தகத்தை மூடினால்தான் திருப்புதல்: பத்தாம் வகுப்பு வரலாறு, உயிரியல், ஆங்கிலம்

அக்கா மகன் பத்தாம் வகுப்பு. ஊர் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கம். பொங்கலுக்கு முந்தின வாரம் அரையாண்டு விடைத்தாள்களைச் சுருட்டிக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தான்.

"மூணு தடவ படிச்சேன் சித்தி. பரீட்சை ஹால்ல உக்காந்தா ஒண்ணுமே வரல."

சமூக அறிவியல் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். மஞ்சள், பச்சை, ரோஸ் என்று ஹைலைட்டர் போடாத வரியே இல்லை. மூடி வைத்துவிட்டு, "வேதாரண்யம் யாத்திரை எந்த ஊர்லேருந்து கிளம்புச்சு?" என்று கேட்டேன்.

கண்ணை மூடி யோசித்தான். "இடது பக்கம் சித்தி, மேல, பச்சைக் கலர் அடிச்சிருப்பேன்."

விடை இருக்கும் இடம் தெரிகிறது, விடை தெரியவில்லை. மூன்று தடவை படித்ததன் பலன் இவ்வளவுதான். கண்ணுக்குப் பழகிப்போன பக்கத்தைத் தெரிந்த பக்கம் என்று மனசு நம்பிவிடுகிறது. நானும் பத்தாம் வகுப்பில் இப்படித்தான் படித்தேன், என்னிடம் ஹைலைட்டர் இல்லை, சிவப்புப் பேனா. அந்த வருஷம் என் மார்க்கை இங்கே சொல்வதாக இல்லை.

தை, மாசியில் அவனோடு உட்கார்ந்து செய்ததை அப்படியே எழுதுகிறேன். இதுவரை முறையாகத் திருப்புதல் செய்தே பழக்கமில்லாதவர்களுக்கு இது. தேவையானவை: கோடு போடாத ஒரு ரஃப் நோட்டு, இரண்டு நிறத்தில் பேனா, சாக்பீஸ். கைடு வேண்டாம், பாடப்புத்தகம் போதும்.

படி 1: வெள்ளைத் தாளில் ஆரம்பியுங்கள்

ஒரு பாடத்தை எடுத்ததும் புத்தகத்தைத் திறக்காதீர்கள். தலைப்பை மட்டும் நோட்டில் எழுதி, அந்தப் பாடத்தில் உங்களுக்கு நினைவில் இருப்பதையெல்லாம் பத்து நிமிஷம் நீலப் பேனாவால் எழுதுங்கள். வரிசை வேண்டாம், முழு வாக்கியம் வேண்டாம். பத்து நிமிஷம் முடிந்ததும் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதையும் தப்பாக எழுதியதையும் சிவப்பில் எழுதுங்கள்.

முதல் நாள் தாள் முழுக்கச் சிவப்பாகத்தான் இருக்கும். அவனுக்கு 'நரம்பு மண்டலம்' பாடத்தில் நீலத்தில் நாலே வரி வந்தது. முகம் சுண்டிப்போய், "நான் மொதல்ல படிச்சிட்டு எழுதறனே" என்றான். கூடாது என்றேன். வராததை வரவழைக்கத் திணறும் அந்தப் பத்து நிமிஷம்தான் திருப்புதல். பக்கத்தைப் புரட்டுவது அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை.

மறுபடி அந்தப் பாடத்துக்கு வரும்போது சிவப்பை மட்டும் படித்தால் போதும்.

படி 2: முறை வைத்துத் திரும்பி வாருங்கள்

ஒரு பாடத்தை ஒரே நாளில் ஆறு மணி நேரம் படிப்பதைவிட, அதே ஆறு மணியை நாலைந்து நாளாகப் பிரித்து, நடுவில் இடைவெளி விட்டுப் படித்தால் அதிகம் தங்கும். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே உருப்போட்டு, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். படித்த உடனே நினைவு வேகமாக இறங்குகிறது, பிறகு இறக்கம் மெதுவாகிறது. அந்த இறக்கத்தில் ஒருமுறை நினைவுக்குக் கொண்டுவந்தால் அடுத்த இறக்கம் சுணங்கும்.

நம்ம ஊரில் இதை விளக்கத் தேவையே இல்லை. ஆற்றில் தண்ணீர் குறைவாக இருக்கும் வருஷத்தில் முறை வைத்துத்தானே விடுகிறார்கள்? இன்று படித்தது நாளைக்கு ஒரு முறை, மூன்று நாள் கழித்து ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை. நோட்டின் முதல் பக்கத்தில் பாடத்தின் பெயருக்கு எதிரே தேதிகளை எழுதி வையுங்கள். அறுப்பு, மாடு, தம்பி தங்கை என்று வீட்டில் வேலை இருக்கும் பிள்ளைகளுக்கு அரை மணி நேரத் துண்டுகளே போதும். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டு மடங்கு படிக்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

படி 3: வரலாறு, தரையில்

ஆண்டுகளை மனப்பாடம் செய்யாதீர்கள், ஆண்டுகளின் மேல் நடந்துபோங்கள்.

அக்கா வீட்டுக் கூடத்தில் டைல். 1914இலிருந்து 1947 வரை டைலுக்கு ஒரு வருஷம், மொத்தம் 34 டைல். ஒரு வரிசையில் போதாமல் தாழ்வாரத்துக்கும் போனோம். டைல் இல்லாத வீட்டில் களத்தில் கோடு கிழிக்கலாம். சாக்பீஸால் எழுதியது இவ்வளவுதான்: 1914 முதல் உலகப்போர். 1919 ஜாலியன்வாலா பாக். 1920 ஒத்துழையாமை. 1922 சௌரி சௌரா. 1928 சைமன் குழு வருகை. 1929 லாகூர் காங்கிரஸ். 1930 உப்பு. 1935 இந்திய அரசுச் சட்டம். 1939 இரண்டாம் உலகப்போர். 1942 வெள்ளையனே வெளியேறு. 1947.

ஒரு டைலிலிருந்து அடுத்ததில் கால் வைக்கும் முன் "ஏன்?" என்பதற்கு ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், இதுதான் விதி. 1920இலிருந்து 1922க்குப் போக, "சௌரி சௌராவுல காவல் நிலையத்துக்குத் தீ வெச்சாங்க, போலீஸ்காரங்க செத்துப்போனாங்க, அதனால காந்தி இயக்கத்தை நிறுத்திட்டாரு" என்று சொன்னால்தான் கால் எடுக்கலாம். சொல்ல வராவிட்டால் அங்கேயே நின்று புத்தகத்தைப் பார்க்க வேண்டும். காலக்கோடு கேள்விக்குத் தேதி போதும், பெருவினாவுக்கு இந்த "அதனால"தான் வேண்டும்.

1930 டைலில் அவனை நிறைய நேரம் நிறுத்தி வைத்தேன். காந்தி மார்ச் 12 அன்று சபர்மதியிலிருந்து கிளம்பி ஏப்ரல் 6 அன்று தண்டியில் உப்பெடுத்தார். ஒரு வாரத்தில், ஏப்ரல் 13 அன்று, ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கக் கிளம்பினார். ஜாலியன்வாலா பாக் நடந்ததும் ஓர் ஏப்ரல் 13தான், பதினோரு டைல் பின்னால். "போய் அங்கே நின்னுட்டு வா" என்றேன். நின்றுவிட்டு வந்தான். அந்தத் தேதி இனி அவனுக்கு மறக்காது.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகச் சுமார் 240 கிலோமீட்டர் நடை. தஞ்சை ஆட்சியர் ஜே.ஏ. தார்ன், தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று உத்தரவு போட்டார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தில் உப்புச் சட்டத்தை மீறிய ராஜாஜி கைதானார். வேதாரண்யத்தில் எல்லா ஏற்பாட்டையும் பார்த்துக்கொண்டவர் சர்தார் வேதரத்தினம்.

"நம்ம ரோட்டுலயா சித்தி?" என்றான். அவன் தினமும் பஸ்ஸில் போகும் ரோடு. அதற்குப் பிறகு அந்தக் கேள்விக்குப் பச்சைக் கலர் தேவைப்படவில்லை.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலும் ஏதாவது இருக்கும். தரங்கம்பாடிக்காரர்களுக்கு டேனியர் வந்த 1620, தஞ்சாவூர்க்காரர்களுக்கு மராட்டிய அரசைக் கம்பெனி எடுத்துக்கொண்ட 1855. ஒவ்வொரு பாடத்திலும் ஒரு ஆணியை ஊரில் அடித்துவிட்டு, மற்றதை அதில் மாட்டுங்கள்.

படி 4: உயிரியல், வயலிலிருந்து நோட்டுக்கு

அறிவியலில் செய்முறைக்கு 25, எழுத்துத் தேர்வுக்கு 75. எழுத்துத் தேர்வில் படம் வரைந்து பாகம் குறிக்கத் தெரிந்தவர் பாதிக் கிணறு தாண்டியவர். படத்தையும் வெள்ளைத் தாளில், பார்க்காமல்தான் வரைய வேண்டும். அழகு வேண்டாம், பாகம் சரியான இடத்தில் இருந்தால் போதும்.

அட்டையை எடுத்துக்கொள்வோம். 33 கண்டங்கள் (உடல் துண்டுகள்), முன்னும் பின்னும் ஒட்டுறிஞ்சிகள், மூன்று தாடைகள், ஹிருடின் என்று வரிசையாக உருப்போட்டிருந்தான், ஆனால் எதற்கு எது என்று தெரியாது. "உன்ன அட்டை கடிச்சிருக்கா?" என்றேன். நடவு வயலில் இறங்கியவனிடம் கேட்க வேண்டிய கேள்வியா? கால்சட்டையைத் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டினான்.

சரி, கடித்தபோது என்ன நடந்தது? வலித்ததா? அப்போது தெரியவில்லை. எப்படிப் பிடித்துக்கொண்டிருந்தது? இரண்டு முனையிலும். அவைதான் ஒட்டுறிஞ்சிகள். காயம் எப்படி இருந்தது? மூன்று கோடு ஒரு புள்ளியில் சேர்ந்த மாதிரி. மூன்று தாடை, அதனால் ஆங்கில ஒய் வடிவக் காயம். பிடுங்கிப் போட்ட பிறகு? "ரத்தம் நிக்கவே இல்ல சித்தி, அப்பாயி சுண்ணாம்பு வெச்சாங்க." அதுதான் ஹிருடின், ரத்தத்தை உறையவிடாத பொருள். ஐந்து மார்க் விடை அவன் காலிலேயே இருந்திருக்கிறது. (33ஐ மறக்காமலிருக்க அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். 1914க்கும் 1947க்கும் இடையே 33 வருஷமாம். நான் சிரித்தாலும், இன்றுவரை அவன் அதைத் தப்பவிட்டதில்லை.)

தாவர ஹார்மோன்களும் இப்படித்தான். நெல்லில் சில நாற்று மட்டும் வெளிறி, ஒல்லியாக, மற்றதைவிட ஓங்கி வளர்ந்து வீணாகும் ஒரு நோய் உண்டு, பக்கானே என்று பெயர். ஒரு பூஞ்சை சுரக்கும் பொருளால்தான் இது வருகிறது என்று ஜப்பானில் குரோசாவா 1926இல் காட்டினார். அந்தப் பொருள்தான் ஜிப்ரல்லின். எனவே ஜிப்ரல்லின் என்றால் தண்டு நீளும். வாழைத்தாரைப் புகைபோட்டுப் பழுக்க வைப்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்தப் புகையில் இருக்கும் எத்திலீன் காயைப் பழுக்க வைக்கிறது. இளநீரில் சைட்டோகைனின் உண்டு, செல் பகுப்பைத் தூண்டும். ஆக்சினையும் அப்சிசிக் அமிலத்தையும் மட்டும் தனியாகப் படித்துக்கொள்ளுங்கள்.

இதயத்தில் எல்லோரும் குழம்பும் இடம் வால்வு. கடைமடையில் ரெகுலேட்டர் எதற்குக் கட்டியிருக்கிறார்கள்? ஆற்றுத் தண்ணீர் கடலுக்குப் போகலாம், கடல் தண்ணீர் உள்ளே ஏறக்கூடாது. வால்வின் வேலையும் அதுதான்: ஏட்ரியம் என்ற மேலறையிலிருந்து வெண்ட்ரிக்கிள் என்ற கீழறைக்கு இறங்கிய ரத்தம் திரும்பி ஏறக்கூடாது. வலது பக்கம் மூவிதழ், இடது பக்கம் ஈரிதழ். படம் வரையும்போது முதலில் "வலது" என்று உங்கள் இடது கைப்பக்கம் எழுதிவிடுங்கள். இதயம் நம்மைப் பார்த்து நிற்கிறது. இதைத் தலைகீழாகக் குறித்து மார்க்கை விடுபவர்கள் நிறைய.

படி 5: ஆங்கிலம், உர மூட்டையிலிருந்து

ஆங்கிலத்தில் பயமே பாதிப் பாரம். தமிழில் வினை கடைசியில் வரும், ஆங்கிலத்தில் ஆள் வந்தவுடன் வினை வந்துவிட வேண்டும். "நான் நேத்து கும்பகோணம் போனேன்" என்பதை அதே வரிசையில் மாற்றினால் உளறலாகும். "ஐ வென்ட் டு கும்பகோணம் எஸ்டர்டே." யார், என்ன செய்தார், எங்கே, எப்போது என்று நாலு கட்டம் போட்டு, தினம் ஐந்து வாக்கியம் நிரப்புங்கள். வீட்டில் நடந்ததையே எழுதலாம்.

அவன் அடிக்கடி செய்த தப்பு "ஐ டிட் நாட் வென்ட்". 'டிட்' வந்துவிட்டால் இறந்தகாலம் அதிலேயே அடங்கிவிடும், பின்னால் வரும் வினை 'கோ'தான். இப்படி உங்களுக்கென்றே உள்ள தப்புகளை ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் சேர்த்துவையுங்கள். அவனுக்கு மொத்தம் ஒன்பது வந்தது. ஒன்பதைத் திருத்துவது முழு இலக்கணப் புத்தகத்தைப் படிப்பதைவிடச் சுலபம்.

செயப்பாட்டு வினைக்குத் திண்ணையில் கிடந்த யூரியா மூட்டையை இழுத்துப் போட்டேன். 'மேனுஃபாக்சர்ட் பை' என்று அச்சடித்திருந்தது. யார் செய்தார் என்பது 'பை'க்குப் பின்னால், செய்யப்பட்ட பொருள் மூட்டைக்குள். 'இஸ்' மட்டும் விட்டுப்போயிருக்கிறது, நீங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூட்டையில் இன்னொரு வரி: 'யூஸ் நோ ஹூக்ஸ்'. கொக்கி போட்டுத் தூக்காதே. எழுவாய் இல்லாத கட்டளை வாக்கியம். லோடு ஏற்றுபவர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

அடுத்து வரலாற்றுப் பாடத்தையே ஆங்கிலப் பயிற்சியாக்குங்கள். முக்கொம்பில் மேலணையைக் கட்டியவர் ஆர்தர் காட்டன். "காட்டன் பில்ட் தி அப்பர் அனிகட்." திருப்புங்கள்: "தி அப்பர் அனிகட் வாஸ் பில்ட் பை காட்டன்." ஒரே வாக்கியத்தில் இரண்டு பாடம் முடிந்தது. அந்த 'அனிகட்' நம்ம அணைக்கட்டுதான், ஆங்கில அகராதியிலேயே இருக்கிறது. நம் கட்டுமரமும் 'கேட்டமரான்' ஆகி உள்ளே போயிருக்கிறது. இதைச் சொன்ன பிறகு ஆங்கிலப் புத்தகத்தைக் கொஞ்சம் உறவோடு பார்த்தான்.

பாடல்களை வாய்விட்டுப் படியுங்கள். அவ்வளவுதான், அதற்கு மேல் வித்தை எதுவும் இல்லை.

படி 6: மாதிரித் தேர்வு, முழு நேரம்

வாரத்துக்கு ஒன்று. பழைய வினாத்தாள், கடிகாரம், மூடிய கதவு. ஃபோன் பக்கத்து அறையில். திருத்தும் வேலையைப் பிள்ளையிடமே விடுங்கள், அடுத்தவர் போட்ட சிவப்பைவிடத் தான் போட்ட சிவப்பு நினைவில் நிற்கும். நாம் எட்டிப் பார்த்து, ஏமாற்றாமல் மார்க் போடுகிறானா என்று மட்டும் கவனித்தால் போதும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. தரையில் எழுதச் சாக்பீஸ் மட்டும்தான். ஒரு ராத்திரி சாக்பீஸ் தீர்ந்துபோய் மார்க்கர் பேனாவால் எழுதிவிட்டான். அக்கா மூன்று நாளாக ஃபினாயில் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டாள். கூடத்து வாசற்படிக்குப் பக்கத்தில் 1935 இன்னும் இருக்கிறது.