மணலுக்கு அடியில் எண்ணெய்: தரை ரேடாரால் தேடுவது எப்படி?

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. வாளி வாளியாக அள்ளிய காட்சி பலருக்கும் நினைவிருக்கும். கண்ணில் படுவதை அள்ளலாம். அலை கொண்டுவந்து போடும் மணலுக்குள் புதைந்ததை எங்கே தேடுவது? அங்கேதான் தரை ஊடுருவும் ரேடார் உதவும். மண்ணுக்குள் ரேடியோ அலையை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைத் திரையில் காட்டும் கருவி அது. ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: அது எண்ணெயைக் காட்டாது, மண்ணில் ஏதோ மாறியிருப்பதைத்தான் காட்டும்.

காரணம் எளிது. ஒரு பொருள் ரேடார் அலையை எவ்வளவு மெதுவாக்கும் என்பதைச் சொல்லும் எண் ஒப்புமை விடுதிறன். அது தண்ணீருக்குச் சுமார் 80, எண்ணெய்க்கு 2-க்குச் சற்று மேல். மணல் இடுக்கில் நீர் இருந்த இடத்தை எண்ணெய் பிடித்தால் ரேடார் அலை வேகமாக ஓடும்.

1. நேரம். கடல் வற்றியிருக்கும்போது, மேல்கரையில் தொடங்குங்கள். உப்புநீர் அலையை விழுங்கிவிடும். உப்புநீர் மட்டத்துக்குக் கீழே எதுவும் தெரியாது. ஆன்டெனா 400 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் போதும்.

2. வேகம். உங்கள் மணலில் அலை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று முதலில் அளக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் மற்றதெல்லாம் வீண். சிறு குழி தோண்டி, அதன் பக்கச் சுவரில் 50 செ.மீ. ஆழத்தில் இரும்புக் கம்பியைக் கிடையாகச் செருகுங்கள். மேலே உள்ள மணல் கலையக்கூடாது. கம்பிக்குக் குறுக்கே ரேடாரை இழுத்தால் திரையில் கவிழ்த்த கிண்ணம்போல ஒரு வளைவு வரும். அதன் உச்சி 8 நானோ நொடியில் என்றால், போய்வர 1 மீட்டர். வேகம் நானோ நொடிக்கு 0.125 மீட்டர். வெற்றிடத்தில் 0.3. 0.3-ஐ 0.125-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 5.76. இதுதான் உங்கள் மணலின் விடுதிறன்.

3. கோடுகள். ரேடாரை நேர்கோடுகளாக இழுங்கள்: முதலில் சுத்தமான இடத்தில் ஒன்று, அப்புறம் சந்தேகப் பகுதியில் மீட்டருக்கு ஒன்று. பலவீனமான சமிக்ஞையைத் தானாகவே கூட்டிச் சமன்செய்யும் வசதியை அணைத்துவிடுங்கள். நாம் தேடும் வித்தியாசத்தையே அது அழித்துவிடும்.

4. படிப்பது. புது எண்ணெய் இருந்தால், திரையில் நிலத்தடி நீர்மட்டத்தைக் காட்டும் கோடு மேலேறித் தெரியலாம், மங்கலாம். பழைய எண்ணெய் வேறு கதை: பாக்டீரியா அதைத் தின்று அமிலம் விடும், மின்கடத்தும் திறன் கூடும், அதற்குக் கீழே திரை இருண்டுபோகும்.

5. தோண்டுவது. சிப்பி அடுக்கும் ஈரக் களிமண்ணும்கூட ஏமாற்றும். சந்தேக இடம், அதன் ஓரம், சுத்தமான இடம் மூன்றிலும் துளையிட்டு, மண்ணைக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து, மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் சோதனைக்கு அனுப்புங்கள். குழிகளை மூடிவிட்டு வாருங்கள், சாயங்காலம் பிள்ளைகள் ஓடி விளையாடும் இடம் அது.