ஏப்ரல் 20ஐ சீன எழுத்தோடு கொண்டாடுவது எப்படி?

ஏப்ரல் 20 ஐ.நா.வின் சீன மொழி நாள். சீன நாட்காட்டியின் 24 பருவங்களில் ஆறாவதான 'கூயூ', அதாவது தானிய மழை, ஏறக்குறைய அன்றுதான் பிறக்கிறது. சீனர்களின் புராண மன்னரான மஞ்சள் பேரரசரிடம் இருந்த நாலு கண் வரலாற்றாளர் சாங்ஜியே எழுத்தை உண்டாக்கியபோது வானத்திலிருந்து தினை பொழிந்தது, இரவில் பேய்கள் அழுதன என்று பழங்கதை சொல்கிறது. தேதி அவர் நினைவாக வைத்தது.

கொண்டாட வாழ்த்துப் படம் அனுப்ப வேண்டாம், எழுதிப் பாருங்கள். தூரிகையும் மையும் இல்லையா, பரவாயில்லை. பெய்ஜிங் பூங்காக்களில் பெரியவர்கள் நீளமான தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துக் கல்தரையில்தான் எழுதுகிறார்கள். நமக்கு ஒரு பெயின்ட் பிரஷ், ஒரு டம்ளர் தண்ணீர், வெயில் படும் சிமென்ட் தரை போதும். பிரஷை சாய்க்காமல் செங்குத்தாகப் பிடியுங்கள்.

முதலில் சூரியன். பழைய வடிவம் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. இன்றைய வடிவம் நிமிர்ந்த பெட்டி, குறுக்கே ஒரு கோடு. நாலே இழுப்பு: இடப்பக்கக் கோடு, மேலே போய் வலப்பக்கம் மடங்கி இறங்கும் கோடு, நடுக்கோடு, கடைசியில் அடிக்கோடு. பெட்டியை அவசரப்பட்டு முன்னாலேயே மூடிவிடக் கூடாது, அடிக்கோடு எப்போதும் கடைசிதான். அப்புறம் மரம்: குறுக்குக்கோடு, நெடுக்குக்கோடு, நடுவிலிருந்து இடமும் வலமும் சரியும் இரண்டு கோடுகள். இரண்டு மரம் சேர்ந்தால் தோப்பு, மூன்று சேர்ந்தால் காடு, மரத்தின் இடப்பக்கம் ஒரு ஆள் நின்றால் ஓய்வு.

இதோடு நிறுத்திவிட்டு 'சீன எழுத்தெல்லாம் படம்' என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள், இந்த மொழிக்கு அது பெரிய அநியாயம். பெரும்பாலான எழுத்துகளில் ஒரு பாதி பொருளையும் மறுபாதி ஒலியையும் சொல்கின்றன. அம்மாவைக் குறிக்கும் 'மா' எழுத்தில் இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை. குதிரைக்கும் 'மா' என்றுதான் பெயர், தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம் மட்டும் வேறு. அங்கே குதிரை ஒலிக்காக வந்து நிற்கிறது, அவ்வளவுதான். அதையும் ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

கை பழகியதும் சீனாவின் ஆன்யாங் நகரில் கிடைத்த, ஷாங் அரசமரபுக் காலத்து ஆமையோடுகளின் படங்களை இணையத்தில் தேடிப் பாருங்கள். மூவாயிரம் ஆண்டுக்கு முந்தையவை. ஓட்டின் பின்பக்கம் குழி தோண்டி, சூடு வைத்து, விழுந்த விரிசலை வைத்துக் குறி பார்த்து, கேட்ட கேள்வியை அதிலேயே செதுக்கினார்கள். பிற்காலத்தில் 'டிராகன் எலும்பு' என்று மருந்துக்கடையில் விற்ற இவற்றில் எழுத்து இருக்கிறது என்று 1899ல் கண்டுகொண்டவர் வாங் யீரோங் என்ற அறிஞர். அந்த ஓடுகளில் சூரியனைத் தேடுங்கள். பல இடங்களில் வட்டமாக இருக்காது, மூலை மூலையாக இருக்கும். கெட்டியான ஓட்டில் கத்தி முனையை வளைத்து இழுப்பது அத்தனை கடினம்.